பிறக்காதவளுக்குப் பூசை

மடத்தலைவர் பெர்ட்டோல்ட் சித்தப்பா அவர்களுக்கு, இத்தாலியின் தென்கோடி அப்பூலியக் கடற்கரையிலிருந்து தலை தாழ்ந்த வணக்கம். இந்தக் குளிர்காலத்தில் உங்கள் முழங்கால் உங்களை வாட்டாதிருக்கட்டும்.

பதினோரு ஆண்டுகள் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன், போதும். உங்கள் மடத்து நீத்தார் ஏட்டில், உங்கள் தாத்தாவின் தங்கை கெர்ட்ரூட் என்று ஒரு பெயர் இருக்கிறது. ஆண்டுதோறும் துறவிகள் அவளுக்காகப் பூசை செய்கிறார்கள். அதற்கான மெழுகை வோல்க்மார் அண்ணன் இங்கிருந்து அனுப்புகிறான். கேள்விப்படாத பெயராக இருக்கிறதே என்று முதலில் நீங்களும் எழுதினீர்கள். மெழுகு உயர்ந்த ரகம், மேலே கேட்கவில்லை. சித்தப்பா, அப்படி ஒருத்தி பிறக்கவே இல்லை. அவளை உண்டாக்கியவன் நான்.

வடக்கே நம் ஊரிலிருந்து பேரரசரின் படையோடு வந்த வோல்க்மார் இங்கேயே தங்கி, ஒலிவத் தோப்புகளோடு இவ்வூர் ஆல்ட்ரூதாவை மணந்தது உங்களுக்குத் தெரியும். நான்கு வருடம் பிள்ளையில்லை. ஒருநாள் வேட்டை நாயோடு என் அறைக்குள் வந்தான்.

"சாமியாரே, உனக்குத்தான் லத்தீன் தெரியுமே. இவளை அனுப்ப ஒரு வழி சொல்லு."

"ரத்த சொந்தமா இருந்தா கல்யாணம் செல்லாதுண்ணே. இவங்க எங்கே, நாம எங்கே?"

"சொந்தமா ஆக்கிடு. பேராலயத்துல உனக்கு மானியத்தோட ஒரு குருக்கள் இருக்கை வாங்கித் தரேன்."

உங்களுக்குப் பிறகு நம் குலத்தில் எழுதப் படித்தவன் நான் ஒருவன். வோல்க்மாருக்குத் தன் பெயரின் முதலெழுத்துக்கூடத் தெரியாது. கோட்டை அவனுக்கு, பேனா எனக்கு என்று பங்கு பிரித்தவர்கள் நீங்கள்தான், அதை இப்போது கிளறவில்லை. நான்கு தலைமுறைக்குள் உறவு வேண்டும். ஆகவே கெர்ட்ரூட் எருசலேமுக்கு யாத்திரை புறப்பட்டாள், காய்ச்சல் கண்டு இந்தத் துறைமுகத்தில் இறங்கினாள், அடைக்கலம் தந்த வீட்டுப் பிள்ளையையே மணந்தாள், ஆல்ட்ரூதாவின் கொள்ளுப்பாட்டி ஆனாள். இடது காலில் சிறு நொண்டலும் பேரிக்காய் மேல் ஆசையும் நானாகக் கொடுத்தவை. வழக்குக்கு அவை தேவையில்லை. புனிதரின் எலும்புப் பேழைமேல் கைவைத்து, என் முழுப்பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்தேன். பேராயர் கண்கலங்கினார். இருபத்திரண்டு வயதில் ஆல்ட்ரூதா கன்னியர் மடத்துக்குப் போனாள். தோப்பு மட்டும் 'பாதுகாப்புக்காக' வோல்க்மாரிடம் தங்கிவிட்டது. எனக்கு இருக்கை வரவில்லை.

அடுத்து ஒத்ரான்தோவிலிருந்து யுதோக்கியா என்ற கிரேக்க விதவை. அவனைவிட மூத்தவள், கெட்டிக்காரி; எட்டு வருடம் அவனை உட்கார், எழுந்திரு என்று நடத்திவிட்டு, சென்ற தவக்காலத்தில் இறந்தாள். அவன் உண்மையிலேயே அழுதான். எனக்கு அது பிடிக்கவில்லை. அப்போதும் இருக்கை வரவில்லை.

இப்போது சிபில்லா. பதினேழு வயது, துறைமுகக் கோபுரத்துக்கு ஒரே வாரிசு, ஆல்ட்ரூதாவுக்கு இரண்டுவிட்ட தங்கை. இருவரின் தாத்தாக்களும் உடன்பிறந்தவர்கள், ஆகவே கெர்ட்ரூட் இவளுக்கும் கொள்ளுப்பாட்டி. மனைவி வழி உறவுக்குப் பேராயர் விதிவிலக்குத் தந்துவிட்டார். ரத்த உறவுக்குத் தரமாட்டார்.

"கெர்ட்ரூடை அழிச்சிடு," என்றான்.

"அழிச்சா ஆல்ட்ரூதா இன்னும் உங்க பொண்டாட்டிண்ணே."

"அப்போ அழிக்காதே."

"அழிக்கலேன்னா சிபில்லா உங்களுக்குத் தங்கச்சி முறை."

நாயைத் தடவியபடி வெகுநேரம் யோசித்தான். "கெர்ட்ரூட் ஒரே பிள்ளையோட செத்துட்டா. அந்தாளு ரெண்டாந்தாரம் கட்டிக்கிட்டான். சிபில்லா அந்த வழி. சித்தப்பாவுக்கு எழுது."

வாழ்நாளில் அவனுக்குத் தோன்றிய ஒரே நல்ல யோசனை. உங்கள் ஏட்டில் என்ன இருக்கிறது என்று பேராயர் கேட்டிருக்கிறார். நீங்கள் எழுதும் பதில்தான் தீர்ப்பு.

போன வாரம் கன்னியர் மடத்துக்குப் போனேன். ஆல்ட்ரூதா கையில் கவாத்துக் கத்தியோடு கம்பிக் கதவருகே வந்தாள்.

"வாங்க. உங்க கெர்ட்ரூட் சௌக்கியமா? கால் வலி தேவலையா?"

"உண்மையை எழுதிடறேம்மா."

"அவரு எனக்கு வேண்டாம், எங்கேயோ நல்லா இருக்கட்டும். என் தோப்பு வேணும். இந்தக் கதவு திறக்கணும்." கத்தியை அங்கியின் ஓரத்தில் துடைத்தாள். "பேரைச் சொல்லித்தானே சத்தியம் பண்ணுனீங்க? பேரைப் போட்டே மாத்தி எழுதுங்க. பேரில்லாத கடுதாசி அடுப்பெரிக்கத்தான் ஆகும்."

ஆகவே எழுதுகிறேன்: கெர்ட்ரூட் பொய். ஆல்ட்ரூதாவை விலக்கியது செல்லாது, தோப்பு அவளுடையது. ஏட்டிலிருந்து அந்தப் பெயரை அடித்துவிடுங்கள், பூசையை நிறுத்துங்கள். பொய்ச்சத்தியத்துக்காக என் வலது கையை வெட்டினாலும் சரியே.

மடத்துப் பெரியவர்களுக்கெல்லாம் என் வணக்கம். உங்கள் திராட்சைக்குப் பனி விழாதிருக்கட்டும். உங்கள் செபத்தில் எனக்கும் ஓர் இடம் இருக்கட்டும்.

பின்குறிப்பு: இதை மடித்து அரக்கு உருக்கும்போது வோல்க்மார் வந்தான். பேராலயத்தில் ஒரு கிழவர் இறந்துவிட்டாராம். ஈஸ்டர் முதல் இருக்கை எனக்குத்தானாம். "இத்தனை வருஷமா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தியே, இப்பவாவது சிரிடா சாமியாரே," என்றான். போய்ப் பார்த்தேன். வாதுமை மரத்தில் செய்தது, குளிர்காற்று படாத பக்கம். பொய்ச்சத்தியம் செய்தவன் அதில் உட்காரக் கூடாது என்ற விதியை என்னால் மனப்பாடமாகச் சொல்ல முடியும். கெர்ட்ரூட் ஒரே பிள்ளையோடு இறந்தாள் என்னும் வோல்க்மாரின் கடிதமும், இதைக் கொண்டுவரும் யாத்திரிகரின் பையிலேயே வருகிறது. இரண்டிலும் எழுத்து ஒன்றுபோல இருந்தால் பொருட்படுத்த வேண்டாம். கெர்ட்ரூடுக்குப் பூசையைத் தொடர்ந்தாலும் தவறில்லை. அவள் யாருக்கும் கெடுதல் நினைத்தவள் அல்ல. ஆல்ட்ரூதா கேட்டது நினைவிருக்கிறது. இரண்டு நாள் யோசித்தேன். இந்தக் கடிதத்தைப் பெயர் போடாமலே அனுப்புவதென்று முடிவு செய்துவிட்டேன்.