ஃபோர்லாக் மாளிகை விலைபோகாததற்கு நான் காரணமில்லை

ஃபோர்லாக் மாளிகை,
அக்டோபர் 21, செவ்வாய்

மதிப்பிற்கும் பாசத்திற்கும் உரிய தங்கை சிதோனிக்கு,

அண்ணன் ஒக்தாவ் எழுதுவது. இங்கே கூரையைத் தவிர மற்ற எல்லோரும் சௌக்கியம். அங்கே போர்தோவில் நீயும் மாப்பிள்ளையும் அவருடைய முழங்காலும் சௌக்கியமாக இருக்க வேண்டுமென்று, பெரிய கூடத்தில் மூன்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதம் கிடைத்தது. நலம் விசாரித்திருப்பாய் என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், முதல் வரியிலேயே "வித்தாச்சா இல்லையா?" என்று கேட்டிருக்கிறாய். நம் அப்பா உயிரோடு இருந்திருந்தால் இந்த மரியாதைக்கு உன்னை சூப் கொடுக்காமல் படுக்க அனுப்பியிருப்பார்.

மூன்று வருஷமாக நான் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறேன் என்று வேறு எழுதியிருக்கிறாயே, உனக்கு மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதா? நாற்பத்திரண்டு அறையில் மழைக்கு ஒழுகாதது இரண்டு. அந்த இரண்டில் ஒன்றை வௌவால்கள் எடுத்துக்கொண்டுவிட்டன, அவையும் இங்கேயே பிறந்து வளர்ந்தவை என்பதால் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. நவம்பரில் மரத்துப்போகிற மூக்கு ஏப்ரலில்தான் எனக்குத் திரும்பக் கிடைக்கிறது. டவுனில் ஒரு ரொட்டிக்கடை மாடியில் இரண்டறை வீடு பார்த்து வைத்திருக்கிறேன், தெரியுமா? கீழே அடுப்பு மூட்டினால் மேலே தரை கதகதவென்று சுடும், செருப்பே வேண்டாம். அதை நினைத்தாலே எனக்கு அழுகை வருகிறது. விற்றுத் தொலைத்தால் போதும் என்றுதான் நானும் இருக்கிறேன், வருகிறவர்கள் அல்லவா சரியில்லை!

பிப்ரவரியில் தரகர் ஒரு ஹாலந்துத் தம்பதியை அனுப்பினார். சரியாகப் பதினொன்றரைக்கு வந்து நின்றார்கள். அந்த நேரத்துக்கு வந்தவர்களைச் சாப்பாடு போடாமல் வீடு சுற்றிக் காட்ட நாமென்ன காட்டுமிராண்டிகளா? எர்னெஸ்தினைத்தான் உனக்குத் தெரியுமே, முப்பத்தெட்டு வருஷமாக இங்கே சமைக்கிறாள், அதில் முப்பத்தேழு வருஷம் என்னைத் திட்டிக்கொண்டே சமைக்கிறாள், அவள் ஆசையாக சூப்பைக் கொண்டுவந்து வைத்தால் அந்த மனுஷன் கரண்டியைக்கூடத் தொடாமல் விலை என்ன என்று கேட்டான். சூப்பிலேயே! பாலாடைக்கட்டித் தட்டு மேஜைக்கு வருமுன் விலை பேசுகிற ஜென்மத்தை நான் இன்றுதான் பார்த்தேன் என்று எர்னெஸ்தின் அவன் சூப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் சமாளித்து மழையைப் பற்றிப் பேசினேன், பாதிரியாரின் கீல்வாதத்தைப் பற்றிப் பேசினேன், வாத்து வந்தது, கீரை வந்தது, அவன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், கடைசியில் பாலாடைக்கட்டி வந்து சேரும்போது வெளியே இருட்டிவிட்டது. மாடியில் விளக்கு கிடையாது. ஆக, மாளிகையில் அவர்கள் பார்த்தது சாப்பாட்டு அறையும் கழிப்பறையும்தான். கழிப்பறையைப் பார்த்த பிறகு மற்றதைப் பார்க்க அவர்களுக்கு ஆசையும் இல்லை.

சரி, போனது போகட்டும். போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன், அதற்குத்தான் இந்தக் கடிதமே. லீல் பக்கத்து மெத்தைத் தொழிற்சாலை முதலாளி ஒருவர், முசியே தெகூட் என்று பெயர், மனைவியோடும் ஒரு குட்டி நாயோடும் வந்தார். மனுஷன் என்றால் மனுஷன். நாலு மணி நேரம் சாப்பிட்டார், பாலாடைக்கட்டி வரும்வரை விலை என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை, வந்ததும் நாம் சொன்ன விலைக்கு ஒத்துக்கொண்டார், வௌவால்களும் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். எர்னெஸ்தின் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, "ரொட்டியால தட்டைத் துடைச்சிருக்காரு பாருங்க ஐயா, கழுவவே வேணாம். கண்ணை மூடிக்கிட்டு இவருக்கே குடுத்துடுங்க" என்றாள். எனக்கு அப்போதே ரொட்டி வாசனை அடிக்க ஆரம்பித்துவிட்டது.

அத்தோடு எழுந்து போயிருக்கலாம் அல்லவா? காட்டையும் ஒரு நடை பார்த்துவிடலாமே என்றார் மெத்தைக்காரர். முந்தைய வாரம்தான் நல்ல மழை, அதன் பிறகு மூன்று நாள் இளவெயில். இந்தப் பெரிகோர் மண்ணில் பிறந்து வளர்ந்த உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, காளான் கிளம்பியிருக்கும். அப்பா சாகும்போது சொத்து விவரத்தை நோட்டரியிடம் சொன்னார், பாவ விவரத்தைப் பாதிரியாரிடம் சொன்னார், காளான் முளைக்கிற இடத்தை என் காதில் மட்டும் சொன்னார். முப்பத்தொரு வருஷமாக, கூடையைச் செய்தித்தாள் போட்டு மூடி, கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற மாதிரிப் போய், வேலி தாண்டி, மூன்று தரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நான் அந்த இடத்தில் கால் வைப்பேன். மாளிகையை விற்கலாம், காட்டை விற்கலாம், ஆனால் இது பத்திரத்தில் வராத சொத்து. அதனால் நேர்வழியை விட்டுவிட்டு அவரைச் சதுப்பு வழியாகக் கூட்டிக்கொண்டு போனேன். இடது பூட்ஸ் சேற்றோடு போயிற்று. சேறு பாதத்துக்கு ரொம்ப நல்லது என்றேன், பாவம், நம்பினார்.

அந்த நேரம் பார்த்து நாய்க்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு அந்த இடத்தைப் பார்த்தே ஓடுகிறது. அதன் பின்னாலேயே அவரும் போய்விடக் கூடாதே, பயந்து திரும்பிவிடட்டும் என்று, "பன்னி! காட்டுப்பன்னி!" என்று கத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்பதை மறந்தது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். அடுத்த தோப்பில் ஊர் வேட்டைச் சங்கம் முழுக்க இருந்திருக்கிறது. எட்டுப் பேர், பதினொரு நாய், ஊதுகொம்பு, எல்லாம் பாய்ந்து வந்துவிட்டன. மெத்தையிலேயே வளர்ந்த உடம்பு அவ்வளவு வேகமாக மரமேறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஏறினதுதான் ஏறினார், வேறு மரமா கிடைக்கவில்லை? நம் காளான் இடத்துக்கு நேர் மேலே நிற்கிற அந்தக் கருவாலி மரம்தான் கிடைத்தது. உச்சியில் உட்கார்ந்துகொண்டு, ஊரே கேட்கும்படி, "கீழ பழுப்பா, குண்டு குண்டா என்னமோ நிறைய கிடக்குதே, அது என்னங்க?" என்று கேட்டார்.

என் கதை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் வேட்டைக்காரர் எட்டுப் பேரில் ஒருவரும் கீழே பார்க்கவில்லை. ஒருவர் வானத்தைப் பார்த்தார், ஒருவர் துப்பாக்கியைத் துடைத்தார். நம் மேயர், கறிக்கடை ஃபுல்பெர், தொண்டையைச் செருமிக்கொண்டு, "அது ஒண்ணுமில்லீங்க, பழைய இலை" என்றார். மற்ற ஏழு பேரும் ஆமாம், இலைதான் என்றார்கள். அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. காலடியில் காளான் என்றால் பிணப்பெட்டிக்குள்ளிருந்தும் எட்டிப் பார்க்கிற ஜனம், பார்க்காமல் நிற்கிறது என்றால் என்ன அர்த்தம்?

வீட்டுக்கு வந்து எர்னெஸ்தினைக் கேட்டேன். அவள் உருளைக்கிழங்கு சீவுவதை நிறுத்தாமலே சொன்னாள்:

"ஊருக்கே தெரியுங்க ஐயா. உங்க அப்பா காலத்துலேருந்தே தெரியும். ஆளுக்கொரு நாள்னு முறை வெச்சுப் பறிக்கிறாங்க. உங்களுக்குன்னு பன்னெண்டு விட்டுடுவாங்க. ஒரு தடவைகூட குறைஞ்சதில்ல, பாத்திருப்பீங்களே?"

"நீயுமா?"

"நான் செவ்வாய்க்கிழமை."

சிதோனி, எனக்கு மானமே போய்விட்டது. முப்பத்தொரு வருஷம் நான் செய்தித்தாள் மூடிய கூடையோடு பதுங்கிப் பதுங்கிப் போனதை ஒரு கிராமமே ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்திருக்கிறது. இரண்டு நாளாக அவளோடு பேசவில்லை, அவள் போட்ட காளான் ஆம்லெட்டை மட்டும் சாப்பிட்டேன். இனி எனக்கு இங்கே என்ன இருக்கிறது? விற்றுவிட வேண்டியதுதான். மெத்தைக்காரரை ஏணி வைத்து இறக்கினோம், நல்ல மனுஷன், இன்னும் வாங்கத்தான் நிற்கிறார். ஏணியிலிருந்தபடியே, "வாங்கின மறுநாளே காட்டைச் சுத்தி ஆளுயரத்துக்குக் கம்பிவேலி போட்டுடறேன், ஒரு பய உள்ள வர முடியாது" என்றார். போடட்டும், நன்றாக வேண்டும் இவர்களுக்கு! பத்திரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நம் இருவர் கையெழுத்தும் வேண்டும். நான் போட்டுவிட்டேன், நீ ஐந்து இடத்திலும் போட்டு உடனே நோட்டரிக்கு அனுப்பு, தாமதம் செய்யாதே.

உனக்கு ஒழுகாத கூரையையும், மாப்பிள்ளைக்கு மடங்குகிற முழங்காலையும் ஆண்டவர் அருளட்டும். குழந்தைகளின் இரண்டு கன்னத்திலும் என் முத்தங்கள்.

என்றும் உன் நலம் நாடும் அண்ணன்,
ஒக்தாவ்

பின்குறிப்பு (புதன் காலை): உறைக்குள் பத்திரத்தைத் தேடாதே, எடுத்துக் கிழித்துவிட்டேன். தபால் ஆபீசுக்குப் போகிற வழியில் காட்டுக்குள் நுழைந்தேன், இந்த முறை நேர்வழியாகவே. எனக்குத் தெரிந்துவிட்டது என்பது ஊருக்கும் தெரியும், எர்னெஸ்தின் வாய் சும்மாவா இருக்கும்? இனி எதற்கு விட்டுவைக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு இருந்தது. அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். இவ்வளவு மரியாதையாகத் திருடுகிற ஜனங்களை வேலிக்கு வெளியே நிறுத்த எனக்கு மனசு வரவில்லை, மெத்தைக்காரருக்கு மன்னிப்புக் கடிதம் போட்டாயிற்று. உனக்குக் கோபம் வரும், வரட்டும், கோபத்தோடேயே கிளம்பி வா, ஆம்லெட் போடச் சொல்கிறேன். அந்த இடம் எங்கே என்று மட்டும் கேட்காதே. ஊருக்கே தெரியும், ஆனால் உனக்குச் சொல்ல மாட்டேன்.