என் இஷ்டத்துக்கு மிஞ்சிய பதினாலாயிரம்

முனிர்கா, புது தில்லி

கர்த்தருக்குள் பிரியமான பென்சன் மச்சானுக்கு,

தங்கள் தங்கை ரெபேக்காவின் வீட்டுக்காரன் ஜெபராஜ் வணக்கத்துடன் எழுதுவது. இருமலைத் தவிர இங்கே மூவருக்கும் ஒரு குறையும் இல்லை. நாசரேத்தில் தங்கள் சுகத்துக்கும் அக்காவின் சர்க்கரைக்கும் தவறாமல் ஜெபிக்கிறோம்.

மச்சான், எனக்கு நேர்ந்த அதிர்ச்சியை யாரிடம் சொல்ல? போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை ஹாலில் பேங்க்காரர் ஒருவர் பேசினார். வாடகை, சாப்பாடு, பீஸ், மருந்து எல்லாம் அத்தியாவசியமாம். சம்பளத்தில் அது போக மிஞ்சுவது மட்டும்தான் நம் இஷ்டத்துக்காம். வீட்டுக்கு வந்து எங்கள் இருவர் வருமானத்திலும் கழித்துப் பார்த்தால் மாதம் பதினாலாயிரம் மிஞ்சுகிறது! மாதக் கடைசியில் ஆட்டோவுக்குச் சில்லறை தேடுகிறவனுக்கு மயக்கமே வந்துவிட்டது. இவ்வளவு பணத்தை யார் தின்கிறார்கள் என்று கூச்சல் போட்டேன். பழைய கார் ஒன்று வாங்கப்போவதாகவும் அறிவித்தேன். அப்போதுதான் டியூட்டி முடிந்து வந்த ரெபேக்கா, தோள் பையைக்கூட இறக்காமல், "அதுல எட்டாயிரம் என் ஞாயித்துக்கெழம காசுல்லா! ஆஸ்பத்திரியில ஆறு நாளு நின்னுட்டு, ஏழாம் நாளும் வசந்த் விஹார்ல ஒரு வீட்டு நோயாளியத் தூக்கி ஒக்கார வைக்கேன். நான் கோயிலுக்கு வந்து எத்தன மாசமாச்சி, தெரியுமா ஒங்களுக்கு?" என்றாள். அதை என் இஷ்டம் என்று சொல்ல இனி வாய் வருமா? கழித்தேன். உடனே நம் மகள் அன்னா, "பப்பா, ஏர் ப்யூரிஃபயர் ஃபில்டர எதுல சேத்தீங்க? மூச்சு விடுறது ஜரூரி, அத்தியாவசியம் இல்லையா?" என்றாள். மச்சான், காற்றை நான் எதிலுமே சேர்க்கவில்லை! ஹீட்டர் கரண்ட், தண்ணீர் கேன் எல்லாம் போய்க் கடைசியில் அறுநூறு ரூபாய் நின்றது.

அறுநூறு ரூபாய்க்கு எனக்கு என்ன இஷ்டம் என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தேன். எதிரே ரெபேக்கா முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "கார் நாசமாய்ப் போகட்டும், நீ இனி ஞாயித்துக்கெழம போகாத" என்றேன். "என்ன, காய்ச்சலா?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அக்காவுக்கு ஸ்தோத்திரம், பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள்.

தங்கள் அன்பு மைத்துனன்,
ஜெபராஜ்

பி.கு.: கவரை ஒட்டுமுன் ரெபேக்கா படித்துப் பார்த்தாள். பி.எஃப்., வரி பிடிப்பதற்கு முந்தின சம்பளத்திலிருந்து கழித்திருக்கிறேனாம். ஆகவே மேற்படி பதினாலாயிரம் எங்கள் வீட்டில் மிஞ்சியதே கிடையாது. தயவுசெய்து யாரிடமும் சொல்ல வேண்டாம். "அப்போ ஞாயித்துக்கெழம போகணுமோ?" என்று பயந்துகொண்டே கேட்டேன். "வரமாட்டேன்னு வசந்த் விஹார்காரங்களுக்கு அன்னைக்கே வாட்ஸப் போட்டாச்சி," என்றாள், "ஒங்களுக்குப் புத்தி திரும்ப மாறுறதுக்கு முந்தியே."