காட்டூரைச் சுற்றிய கல்

உலகமே அழிந்தாலும் காட்டூருக்குப் போவதில்லை. அறுபத்தெட்டாம் வருஷம் ஜூன் மாதம் இப்படி ஒரு சபதம் எடுத்துக்கொண்டு, பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் தனியாகச் சோறு வடித்துக்கொண்டிருந்தேன்.

என் குற்றம் பெரிதில்லை. "ஒங்க அண்ணி வைக்கிற மீன் கொழம்பே தனி" என்று சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். "அப்ப நான் அங்கயே போய் அதைச் சாப்புட்டுக்கிறேன்" என்று என் மனைவி வெள்ளையம்மாள் காட்டூரிலுள்ள பிறந்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

கோபித்துக்கொண்டு போனவளைப் புருஷன் போய் அழைத்தால் ஜெயம் அவளுக்கு. தானாகத் திரும்பினால் எனக்கு. இது எங்கள் பக்கத்து வழக்கம். அவளில்லாத வீட்டில் எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதெல்லாம் வழக்கத்துக்குத் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் இகாரஸ் வந்தது. சூரியனைச் சுற்றும் ஒரு குட்டிக் கிரகம். ஒரு குன்று அளவுக் கல்தான். நாற்பது லட்சம் மைல் தள்ளிப் பத்திரமாகப் போய்விடும் என்றது பேப்பர். பூமியில் மோதப்போகிறது என்றது ஊர். எனக்கு ஊர் சொன்னதுதான் வசதியாக இருந்தது. ஒர்க்‌ஷாப்பில் என்னோடு வேலை பார்க்கும் அப்துல் ரஹீம் காட்டூர்க்காரன். அவனிடம் சொல்லி அனுப்பினேன்.

"வெள்ளிக்கிழமை உலகம் அழியப்போவுதாம். சாகறப்பவாவது சேர்ந்து சாவோம், வந்துடுன்னு சொல்லு ரஹீம்."

மறுநாள் ரஹீம் பதிலோடு வந்தான்.

"சேர்ந்து சாகணும்னா அவரை இங்க வந்து சாகச் சொல்லுங்கன்னு தங்கச்சி சொல்லிடுச்சுப்பா."

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் சைக்கிளை எடுத்தேன். அழைக்க அல்ல. சும்மா அவள் வீட்டைக் கடந்து போவேன். பார்த்துவிட்டு அவளே கூப்பிட்டால் தோல்வி அவளுடையது.

தெருவை ஒரு சுற்றுச் சுற்றினேன். வாசலில் நின்றாள், கூப்பிடவில்லை. இரண்டாவது சுற்றில் பெல் அடித்தேன். மூன்றாவது சுற்றில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அவள் என்னைப் பார்க்காமல் உள்பக்கம் திரும்பி உரக்கச் சொன்னாள்:

"அண்ணி, அந்தக் கல்லு கிட்டக்க வந்துட்டு, தொடாமயே போயிடுமாம். இன்னும் பத்தொம்போது வருஷம் கழிச்சுத்தான் இந்தப் பக்கம் வருமாம்."

பத்தொன்பது வருஷம்! பிரேக்கைப் பிடித்தேன்.

"வெள்ளை, வீட்டுக்கு வா" என்றேன், தெரு முழுக்கக் கேட்க.

கதவுக்குப் பின்னாலிருந்து துணிப்பையை எடுத்துக்கொண்டு வந்து கேரியரில் உட்கார்ந்தாள்.

"அதுக்குள்ள எப்படி எடுத்து வச்சே?" என்றேன்.

"காலையிலயே எடுத்து வச்சிட்டேங்க. இன்னும் ஒரு சுத்து சுத்தியிருந்தீங்கன்னா நானே ஓடி வந்து ஏறியிருப்பேன்."