அசெம்பிளி காஸ்ட் விஷயமாகப் பெனோவுக்கு

தச்சநல்லூர்,
மழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை.

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான பேரன் பெனோவுக்கு, ஆச்சி யூனிஸ் எழுதுவது. தேவகிருபையினாலே இங்கே நான், உன் பெர்சிஸ் அத்தை, கொல்லையில் நிற்கிற முருங்கை மூவரும் சுகம். புனேயில் உன் சுகத்தையும், நீ பொங்கித் தின்கிற சோற்றின் சுகத்தையும் அறிய ஆவல். போனில் பேசலாமே என்பாய். போனில் நான் "பெனோ" என்று தொடங்குமுன்னே நீ "ஆச்சி, மீட்டிங்ல இருக்கேன்" என்று சொல்லிவிடுகிறாய். காகிதத்துக்கு மீட்டிங் கிடையாது.

முதலில் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த நன்மைகளைச் சொல்லிவிடுகிறேன். உன் பெரியப்பா மகன் கிங்ஸ்டன் நாங்குநேரியில் பாங்கு மேனேஜர் ஆகிவிட்டான். கண்ணாடி ரூம், அவனுக்கென்று தனி ஏசி, உள்ளே போனால் எனக்கு இருமல் வருகிறது. அவன் தங்கை ஜெசி பல் டாக்டருக்குப் படித்து முடித்து முதன்முதலாக என் பல்லைத்தான் பிடுங்கினாள். பக்கத்திலிருந்த நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டாள், ஆனாலும் துளி வலியில்லை, அத்தனை கைராசி. அப்புறம் நீ. ஊரில் இஞ்சினியருக்குப் பஞ்சமில்லை. இஞ்சினியர்களையே பெஞ்சில் உட்காரவைத்துப் பாடம் சொல்லுகிறவன் என் பேரன் ஒருத்தன்தான். அஞ்சாங்கிளாஸோடு ஸ்லேட்டை வைத்த எனக்கு இதைவிட என்ன வேண்டும்.

அந்தப் பெருமைதான் இப்போது வினையாகிக் கிடக்கிறது. பதறாதே, பைய வாசி.

நம் கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை போடுகிறவர்கள் எதற்காகப் போடுகிறோம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கவருக்குள் வைப்பார்கள், பாதிரி ஐயர் அதைப் பீடத்தில் நின்று மைக்கில் வாசிப்பார் என்பது உனக்குத் தெரியும். உன் பாடத்தின் பேரை நீ போனில் சொன்னபோது நான் தமிழில் எழுதி வைத்திருந்தேன். அதைப் பார்த்து, "என் பேரன் பெனோ இஞ்சினியர்களுக்கு அசெம்பிளி காஸ்ட் அனாலிசிஸில் பயிற்சி கொடுக்கக் கர்த்தர் கிருபை செய்தபடியால்" என்று அழகாக எழுதிக் கொடுத்தேன். ஐயர் வாசித்தார், நிறுத்தினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து இன்னொரு தடவை வாசித்தார். பெண்கள் பக்கம், கைதட்டிப் பாடுகிற அந்த அசெம்பிளி சபைக்கு நீ மாறிப்போய்விட்டதாக முடிவு கட்டி, எனக்காகப் பெருமூச்சு விட்டார்கள். ஆண்கள் பக்கம், அசெம்பிளி என்றால் சட்டசபை, காஸ்ட் என்றால் சாதி, தேர்தல் வேறு வருகிறது, எந்தத் தொகுதியில் எந்தச் சாதிக்கு எத்தனை ஓட்டு என்று எண்ணுகிற ஆள் பெனோ என்று முடிவு கட்டினார்கள். சாமான்களை மாட்டிச் சேர்க்க ஆகிற செலவு என்கிற காஸ்டும் சாதி என்கிற காஸ்டும் தமிழில் எழுதினால் ஒரே மாதிரி நிற்கிறது, அதற்கு நான் என்ன செய்ய.

சாயங்காலமே ஐயர் வீட்டுக்கு வந்து, பேரன் சபை மாறிவிட்டானா என்று கேட்டார். "அவன் எங்கயும் போகலை ஐயரே, வீட்டுக்கே வரலை" என்றேன். ஜெபம் பண்ணிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் நம் தெரு நடராஜ் வந்தான். அவன் ஒரு கட்சியில் வட்டச் செயலாளர். கோயிலுக்கு எதிர்த்த டீக்கடையில் நின்று மைக்கில் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். ஒரு தட்டில் ஆப்பிள், மேலே ஒரு சால்வை.

"ஆச்சி, இவ்வளவு பெரிய ஆளைப் பேரனா வச்சுக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லலையே. தம்பி எப்படிக் கணக்குப் போடுதாரு?"

எனக்கு யார் உன்னைப் பற்றிக் கேட்டாலும் வாய் நிற்காது. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ என்னோடு நெடுநேரம் பேசினாயே, "ஆச்சி, பக்கத்துல டார்ச் லைட்டு இருந்தா எடுத்துக் கழட்டுங்க" என்று சொல்லி, ஒவ்வொரு சாமானாகப் பாடம் நடத்தினாயே, அன்றைக்கு நீ சொன்னதில் ஒரு எழுத்து எனக்கு மறக்கவில்லை. ஒரு திருகாணியைக் கையால் எடுக்க, திருப்பிப் பிடிக்க, முறுக்க ஆகிற நேரமெல்லாம் செலவு. காகிதத்தில் கோடு போடும்போதே அந்தச் செலவு முடிவாகிவிடுகிறது. பிறகு பட்டறையில் தலைகீழாக நின்றாலும் குறையாது. அப்படியும் ஒவ்வொரு இஞ்சினியரும் தான் போட்ட திருகாணிக்கு வக்காலத்து வாங்குவான் என்று சொல்லிச் சிரித்தாய். அதைத்தான் நடராஜிடம் சொல்ல ஆரம்பித்தேன்.

"அவன் முதல்ல எல்லாத்தையும் பிரிச்சுப் பரப்பி வச்சிருவான். பொறவு ஒவ்வொண்ணையும் பாத்து மூணு கேள்வி கேப்பான்."

"மூணே கேள்வியா?"

"மூணுதான். இது மத்ததை விட்டுத் தனியா அசையுமா?"

"அசைவாங்க ஆச்சி. தேர்தல் கிட்ட வந்தா எல்லாவனும் அசைவான்."

"இது வேற சாதியா இருந்தே ஆகணுமா?" இரும்பா பிளாஸ்டிக்கா என்பதைத்தான் அப்படிச் சொன்னேன். நடராஜ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அங்கனதான் ஆச்சி எல்லாம் நிக்கி. மூணாவது?"

"பின்னால கழட்டிவிட வேண்டி வருமா?"

"கட்டாயம் வரும்."

"மூணுக்கும் இல்லைன்னா அதைத் தனியா விடக்கூடாது. பக்கத்துல உள்ளதோட சேத்துரணும். உருப்படி குறையக் குறைய லாபம்."

"எங்க தலைவரு இதைப் படிக்காமலே செய்யுதாரு ஆச்சி" என்றான். "தம்பி எப்ப ஊருக்கு வருதாரு?"

"கிறிஸ்மஸுக்கு வாரான்" என்று வாய் சொல்லிவிட்டது. நீ அப்படிச் சொல்லவில்லை. "பாக்கலாம் ஆச்சி" என்றுதான் சொன்னாய். போன வருசமும் அதைத்தான் சொன்னாய்.

அவன் போனதும் அடுப்படியிலிருந்து பெர்சிஸ் வந்தாள். "எம்மா, அவரு ஓட்டைப் பத்திக் கேக்காரு, நீங்க டார்ச் லைட்டைப் பத்திச் சொல்லுதிய. ஓடிப்போய்ச் சொல்லிருங்க." நான் எழுந்து வாசல் வரைக்கும் போனேன். அதற்குள் தெருவில் நடராஜ் பால்காரரிடம், "பெனோ கிறிஸ்மஸுக்கு வாரான் வே" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அதைக் கேட்டுக்கொண்டு சற்று நின்றேன். திரும்பி வந்துவிட்டேன்.

அப்புறம் பைபாஸ் திருப்பத்தில் பேனர் வைத்துவிட்டார்கள். போட்டோ கேட்டு வந்தபோது என்னிடம் இருந்தது சுவரில் தொங்குகிற, நீ கோயிலில் முதல் நற்கருணை வாங்கின திடப்படுத்தல் நாள் படம் ஒன்றுதான், எட்டாங்கிளாஸில் வெள்ளைச் சட்டையும் எண்ணெய்த் தலையுமாக எடுத்தது. அது இப்போது பனைமர உயரத்துக்கு நிற்கிறது. "தேர்தல் கணக்கின் சிங்கமே வருக" என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் கும்பிட்டபடி நடராஜ், சிங்கத்தைவிடப் பெரிதாக. எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் கேக்கு டப்பாவோடு வந்து, பேரன் தங்கள் பக்கமும் ஒரு பார்வை பார்க்க வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனார். கேக்கு நன்றாக இருந்தது.

பெனோ, ஒரு வார்த்தை சொல்லி நான் இதை நிறுத்தியிருக்கலாம். இப்போதும் நிறுத்தலாம். ஆனால் பால்காரர் கேட்கிறார், டீக்கடைக்காரர் கேட்கிறார், ஆட்டோக்காரப் பையன்கள் வண்டியை நிறுத்தி "ஆச்சி, என்னைக்கு வாரான்?" என்று கேட்கிறார்கள். இத்தனை நாள் நான் ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது போய், இப்போது ஒரு தொகுதியே சேர்ந்து பார்க்கிறது. எனக்கு அது துணையாக இருக்கிறது.

உன் மூன்று கேள்வியை இந்த வீட்டிலும் கேட்டுப் பார்த்தேன். உன் கட்டில் அசைவதில்லை. என் கட்டிலும் அதே வேங்கை மரம்தான். கழற்ற வேண்டிய தேவையும் இல்லை. உன் கணக்குப்படி அது தனியாக நிற்கக்கூடாது. பெர்சிஸும் அதை எடுத்துவிட்டால் பீரோவை நகர்த்தலாம் என்கிறாள். உன் இஞ்சினியர்கள் திருகாணிக்கு வாங்குகிற வக்காலத்தை நான் அந்தக் கட்டிலுக்கு வாங்கியிருக்கிறேன். ஜமுக்காளம் வெயிலில் போட்டு எடுத்தாயிற்று.

இதற்காக நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும் என்று நான் எழுதவில்லை. பேருக்கு வந்து ஒரு நாள் இருந்துவிட்டுப் போவதில் எனக்கு விருப்பமும் இல்லை. காஸ்ட் என்றால் செலவுதான் என்று நடராஜுக்கு நாலு வரி எழுதிப் போடு. மற்றதை நான் சமாளித்துக்கொள்கிறேன். கர்த்தர் நீ போகிற வழியையும் வருகிற வழியையும் காக்கட்டும். போகிற வழியை இதுவரைக்கும் காத்தது போதும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். பெர்சிஸ் அத்தை அன்பு சொல்லச் சொன்னாள். எட்டாங்கிளாஸ் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், இப்போது உனக்கு மீசை எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. புதுப் போட்டோ ஒன்று, போனில் வேண்டாம், தபாலில் அனுப்பு.

இப்படிக்கு, உன் அன்பு ஆச்சி,
யூனிஸ் தானியேல்.

பி.கு.: ஒட்டின கவரைப் பிரித்து எழுதுகிறேன். நேற்று மழைக்காற்றில் பேனர் கிழிந்துவிட்டது. நடராஜ் வந்து, புதுப் போட்டோ ஒன்று கொடுங்கள், வேறு பேனர் அடித்துவிடலாம், தம்பிக்கு வர வசதிப்படாவிட்டாலும் பரவாயில்லை, படம் இருந்தால் எங்களுக்குப் போதும் என்றான். அவனுக்குப் போதும். அதனால் போட்டோ அனுப்பாதே. அந்த நாலு வரியும் எழுதாதே, அவனுக்கு நானே சொல்லிவிட்டேன். ஆப்பிளைத் திருப்பிக் கேட்கவில்லை. ஒரு நாள் வருவதில் விருப்பமில்லை என்று மேலே எழுதியதும் பொய், அரை நாள் என்றாலும் வா. அன்றைக்கு நீ சொல்லிச் சொல்லி நான் கழற்றிய டார்ச் லைட்டு இன்னும் கழற்றினபடியே தகர மூடியில் கிடக்கிறது. மழைக்கு அடிக்கடி கரண்டு போகிறது. பெர்சிஸ் புதிது வாங்கப் பார்க்கிறாள், நான் விடவில்லை. எப்படிப் பிரிப்பது என்று சொன்னாய். மாட்டுவதைச் சொல்லுமுன்னே உனக்கு மீட்டிங் வந்துவிட்டது.