இருபத்தொன்பது வளையங்கள்

கல்லின் மேல் சிட்டிகை அளவு வெள்ளை மாவு இருந்தது. சற்று முன்பு வரை அது அரைப் பல்.

"போச்சு!" என்றார் அவசரம். பல் ஆய்வகத்தில் இருபது வருஷமாக ஸ்லைடு போடுகிறவருக்கு டாக்டரம்மா வைத்த பெயர் அது. பல்லை விரல் நுனியால் அழுத்தி, காகிதத்தைவிட மெல்லிசாகும்வரை கல்லில் தேய்க்க வேண்டும். இவர் எப்போதும் இரண்டு தேய்ப்பு கூடுதலாகத் தேய்ப்பார்.

எரிந்த கொட்டகையில் கிடந்த சடலத்தின் பல் அது. வேரைச் சுற்றி வருஷத்துக்கு ஒரு வளையம் படியும். மைக்ராஸ்கோப்பில் எண்ணினால் செத்தவரின் வயது தெரிந்துவிடும். வேறு பல்லோ அடையாளமோ எதுவும் மிஞ்சவில்லை.

வெளியே பெஞ்சில் நாலு நாளாக ஒரு பெண் காத்திருந்தாள். அவள் புருஷனைக் காணோம், அவனுக்கு வயது நாற்பத்தேழு. பேசும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வாள். முன்பல் இரண்டு இல்லை.

"அவர்தானான்னு மட்டும் சொல்லிடுங்கண்ணே. நான் தூங்கி நாலு நாளாச்சு."

மீதிப் பாதியைக் கல்லில் வைக்கப் பயந்து, அவசரம் அதை மென்மையாக்க அமிலத்தில் போட்டார். சீக்கிரம் ஆகட்டுமே என்று தாராளமாகவே ஊற்றினார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் புட்டியில் வெறும் கலங்கல்.

டிராயரில், போன மாதம் பிடுங்கிய அவருடைய ஞானப்பல் காகிதத்தில் மடித்துக் கிடந்தது. அது போனதிலிருந்தே புத்தி சரியில்லை. அதையே எடுத்துத் தேய்த்தார்.

"அடடா! எனாமல், அதுக்குள்ள இருக்கிற டென்டின் எல்லாம் பளிச்னு இருக்கே. வேரைத் தாடையோட கட்டுற நார்கூட அப்படியே இருக்கு," என்றார் டாக்டரம்மா. "தீயில கிடந்த பல்லு மாதிரியே இல்லையே!"

"நல்லாக் கழுவினேன் மேடம்."

"வளையம் இருபத்தொன்பது. இந்தப் பல்லு முளைக்கிறது பதினெட்டுல. ஆக, நாற்பத்தேழு."

அவசரத்துக்கும் நாற்பத்தேழுதான். அவசரத்தில் அதை அவர் யோசிக்கவில்லை.

சேதி கேட்டதும் அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். "இனிமே தூங்குவேன்," என்று டாக்டரம்மாவைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினாள். அவசரத்துக்கு மனசு பொறுக்கவில்லை. வேலை போனால் போகட்டும் என்று கேட் வரை ஓடினார்.

"ஏம்மா, நில்லும்மா! அது என் பல்லு. கொட்டகையில கிடைச்சதை நான்தான் பாழாக்கிட்டேன். செத்தது உங்க வீட்டுக்காரர்னு யாராலும் சொல்ல முடியாது. அவர் உயிரோடகூட இருக்கலாம்மா!"

வாயை மூடியிருந்த கை கீழே இறங்கியது.

"உயிரோடவா? அப்போ நான் வெளியே தாழ்ப்பாள் போட்டுத் தீ வெச்சப்ப, உள்ளே குறட்டை விட்டது யாருண்ணே?"