நாளைக்குப் பிடுங்கிடுறேன் ஐயா

ஒரு காட்டில் ஒரு முள்ளம்பன்றி இருந்தது. எல்லாக் காட்டிலும்தான் முள்ளம்பன்றி இருக்கிறது, இதிலென்ன கதை என்று கேட்கக் கூடாது. இதற்குச் சோணை என்று பெயர் உண்டு; வெள்ளத்தாய் என்றொரு பெண்டாட்டி, இரண்டு குட்டிகள், கொஞ்சம் கம்புப் புஞ்சையும் உண்டு. சோம்பலில் சோணையை மிஞ்ச அந்தக் காட்டில் மலைப்பாம்பு ஒன்றுதான். அதுவும் பசித்தால் அசைந்துவிடும்.

விதை விஷயத்தில்தான் அவன் சோம்பல் முழுசாகத் தெரியும். மற்ற விலங்குகள் அறுவடைக்கு முன்பே நல்ல கதிராகப் பார்த்து ஒடித்து, அடுத்த விதைப்புக்குப் பத்திரப்படுத்தும். சோணை, ஊரார் தூற்றி முடித்த களங்களில் போய் ஒரு புரளு புரளுவான். சிந்திக் கிடந்த தானியமெல்லாம் முள்ளிடுக்கில் ஒட்டிக்கொள்ளும். வளைக்கு வந்து ஒரு உதறு உதறினால் அதுதான் விதை. மழை விழுந்ததும் அள்ளி வீசிவிட்டு மறுபடி படுத்துக்கொள்வான்.

ஆகவே அவன் புஞ்சையில் கரடி வீட்டுக் கம்பும் இருக்கும், நரி வீட்டுக் கம்பும் இருக்கும். நெட்டைக்குப் பக்கத்தில் குட்டை நிற்கும். ஒன்று பூக்கும்போது இன்னொன்று முற்றியிருக்கும். ஒரு கதிர் மொழுமொழுவென்று இருக்கும், ஒரு கதிர் சோணையைப் போலவே உடம்பெல்லாம் முள் வைத்திருக்கும். விளைச்சல் கஞ்சிக்குக் காணும், பெருமைக்குக் காணாது.

"எங்க அண்ணன் புஞ்சையைப் பாருங்க, சீவி விட்ட தலை மாதிரி இருக்கு. நம்மது பேன் பிடிச்ச தலை மாதிரில்லா நிக்குது" என்பாள் வெள்ளத்தாய்.

"தலை எப்படி இருந்தா என்ன, உலை கொதிக்குதுல்லா" என்று சொல்லிவிட்டுச் சோணை மறுபக்கம் புரண்டு படுப்பான்.

இப்படி இருக்கையில் காட்டுக்கு ஒரு விதை அதிகாரி வந்து சேர்ந்தார். அவர் ஒரு மயில். பெயர் மயிலேறும்பெருமாள். மயிலின் மேலேயே எந்தப் பெருமாள் ஏறினார் என்று அவருடைய அப்பாவைத்தான் கேட்க வேண்டும். வந்த வேகத்தில் சிங்கக்கம்பு என்று ஒரு புது ரகத்தை அறிவித்தார். அலுவலக வாசலில் பலகை ஏறியது: 'ஒன்றே விதை! நன்றே விதை! இன்றே விதை!'

சிங்கக்கம்பு எல்லாம் ஒரே உயரம். ஒரே நாளில் முற்றும். முள் கிடையாது, முள் வளர்க்கிற சத்து மணிக்குப் போகட்டும் என்று எடுத்துவிட்டார்களாம். அந்த உயரம் ஒரு மயில் கழுத்தை வளைக்காமல் கொத்துகிற உயரமாக அமைந்துபோனது தற்செயல் என்று அறிக்கை சொன்னது. விதை வாங்க விலங்குகள் வரிசையில் நின்றன. சோணையும் வரிசையில்தான் இருந்தான், ஆனால் படுத்த வாக்கில். வரிசை அவனைத் தாண்டிப் போய்விட்டது.

பொய் சொல்லக் கூடாது, முதல் வருடம் வீட்டுக்கு வீடு குதிர் நிரம்பியது. வெள்ளத்தாய் புருஷனோடு பேச்சை நிறுத்தினாள்.

இரண்டாம் வருடம் கதிர் வாங்கும் நேரத்தில் மயில் சோணையின் புஞ்சைக்கு ஆய்வுக்கு வந்தது. கைபேசியில் நாலு பக்கமும் படம் எடுத்தது. எல்லாப் படத்திலும் அதன் தோகைதான் விழுந்தது.

"என்னய்யா இது, கம்புப் புஞ்சையா, கலவரமா? உம்ம பூவோட தூள் காத்துல பறந்து வந்து எங்க சுத்தமான ரகத்தைக் கெடுக்குது. மொத்தத்தையும் பிடுங்கும். இல்லாட்டி புஞ்சையை நாங்க பிடுங்கிருவோம்."

"நாளைக்குப் பிடுங்கிடுறேன் ஐயா" என்றான் சோணை.

மயில் போனதும் வெள்ளத்தாய் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசினாள். "பிடுங்கினா குட்டிக என்னத்தைத் தின்னும்?"

"பிடுங்காட்டி எங்கே படுக்கும்?" என்றான் சோணை. அவனுக்கு உள்ளபடியே பயமாக இருந்தது. பயம் வந்தால் சிலர் ஓடுவார்கள், அவனுக்குத் தூக்கம் வரும். தூங்கினான்.

மயில் மறுபடி வந்தது. "நாளைக்கு ஐயா." இன்னொரு தடவையும் வந்தது. "நாளைக்கு ஐயா, சத்தியமா." பொறுத்துப் பார்த்த மயில், புஞ்சையை மிதித்து அழிக்க ஒரு யானைக்கு உத்தரவு போட்டது.

அதற்குள் வானம் மூட்டம் போட்டுவிட்டது. பகலும் இரவும் நசநசவென்று தூறல். சிங்கக்கம்புக்கு ஒரு நோய் கண்டது. கதிர் வர வேண்டிய இடத்தில் பச்சைப் பசேலென்று இலைக்கொத்தாக வந்தது. ஒரு செடிக்கு வந்தது அத்தனை செடிக்கும் வந்தது. எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுதானே. அந்த ஆண்டு முயல்கள் மட்டும் கூட்டம் போட்டு, அமோகக் கீரை விளைச்சலுக்காக அதிகாரிக்கு நன்றி தெரிவித்தன.

மிதிக்க வந்த யானை சோணையின் புஞ்சை வரப்பில் நின்றது. அங்கேயும் பாதிச் செடி இலையாகத்தான் போயிருந்தது. மீதிப் பாதி, நெட்டையும் குட்டையும் முள்ளுமாகக் கதிர் சுமந்து நின்றது. யானை தூக்கிய காலை மெதுவாகக் கீழே வைத்தது.

"அண்ணாச்சி, விதைக்கு ரெண்டு கதிர் கிடைக்குமா?"

விஷயம் சிங்க ராஜா காதுக்குப் போவதற்குள் மயில் முந்திக்கொண்டது. சோணையின் புஞ்சை தன் துறையின் 'மரபுவளக் காப்பகம்' என்றும், அதைத் தான்தான் இரகசியமாகப் பேணி வந்ததாகவும் அறிக்கை விட்டது. வளை வாசலில் பலகை நட்டார்கள். சோணைக்கு 'விதைச் செம்மல்' பட்டம் தருவதற்கு விழா எடுத்தார்கள். விழாவுக்காக அவன் முள்ளையெல்லாம் எண்ணெய் தடவிப் படிய வாரிவிட்டார்கள்.

"இத்தனை ரகத்தையும் எப்படிக் காப்பாற்றினீர்கள்?" என்று மேடையில் ராஜா கேட்டார்.

"தூக்கம் வந்துச்சு ராஜா."

"ஆழ்ந்த தவத்தில் இருந்ததாகச் சொல்கிறார்" என்று மயில் விளக்கியது. கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று.

பட்டம் ஒரு பொல்லாத வியாதி. செம்மலாகிவிட்டால் பகலில் தூங்க முடியாது, பார்வையாளர்கள் வருவார்கள். சோணை தினமும் அதிகாலையில் எழுந்து முள்ளுக்கு எண்ணெய் தடவிப் படிய வாரினான். களை எடுத்தான். வரிசை பிடித்தான். மயில் சொல்லிக் கொடுத்தபடி ஒவ்வொரு கதிராக எடை பார்த்தான். இருந்ததிலேயே பருத்த, மொழுமொழு கதிர் ஒன்றை விதைக்கு எடுத்துப் பெருக்கினான். சொத்தை, குட்டை, முள் வைத்தது எல்லாவற்றையும் வளைக்குப் பின்னால் குப்பையில் கொட்டினான். அடுத்த மழைக்குப் புஞ்சை முழுக்க ஒரே கம்பு, பெயர் சோணைக்கம்பு. வெள்ளத்தாயின் அண்ணனே வந்து வரப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். அவளும் இரண்டு மாதம் தலை நிமிர்ந்து நடந்தாள்.

சோணைக்கம்பும் ஒரே நாளில் முற்றியது. அன்றைக்கு விடியும்போது மயிலேறும்பெருமாளின் சொந்தபந்தம் முழுவதும் ஆய்வுக்கு வந்திருந்தது. கூடவே கிளி, காடை, கௌதாரி. முள் இல்லை, குத்தவில்லை. உயரமும் கழுத்துக்கு வாகு. ஒரே நாளில் விளைந்ததை ஒரே நாளில் தின்று முடித்துவிட்டுப் போயின.

சோணை வரப்பில் உட்கார்ந்து அழுதான். குட்டிகளின் முகம் நினைவுக்கு வர வர அழுகை கூடியது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழைய பழக்கத்தில், களம் களமாகப் போய்ப் புரண்டான். போன வருட நோயில் விதை போனதால் பல களம் காலி. கிடந்த ஒன்றிரண்டு மணியும் எண்ணெய் தடவிய முள்ளில் ஒட்டாமல் வழுக்கி விழுந்தது.

வெறும் முதுகோடு வீடு திரும்பினால், உலை கொதிக்கிற சத்தம் கேட்டது. வெள்ளத்தாய் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். குட்டிகள் ஏற்கெனவே ஒரு சுற்று குடித்து முடித்திருந்தன.

"ஏது இது?"

அவள் வளைக்குப் பின்னால் கையைக் காட்டினாள். குப்பைமேட்டில், அவன் கழித்துக் கொட்டியதெல்லாம் காடாக முளைத்து, நெட்டையும் குட்டையுமாக, முள்ளும் மீசையுமாகக் கதிர் விட்டிருந்தது. ஒரு கிளி அதில் வாய் வைத்துப் பார்த்துவிட்டு, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கிளையில் உட்கார்ந்திருந்தது.

வாசனை பிடித்தாற்போல மயிலும் வந்து சேர்ந்தது, கையில் அளவுக் கயிறும் ஒரு புதுப் பலகையுமாக. "ஆகா! இது யாருடைய உழைப்பு?"

"யாரும் ஒண்ணும் செய்யல ஐயா. அதான் வெளைஞ்சிருக்கு" என்றாள் வெள்ளத்தாய்.

"அப்போ உடனே இதை ஒழுங்குபடுத்தி, நல்லதா ஒரு கதிரைப் பொறுக்கி எடுத்து..."

வெள்ளத்தாய் திரும்பி முதுகைக் காட்டினாள். வெட்கப்படுகிறாள் என்று மயில் நினைத்துக்கொண்டது. முள்ளம்பன்றி முதுகைக் காட்டிக்கொண்டுதான் பாயும் என்பது விதை அதிகாரிகளின் பாடத்தில் இல்லை போலிருக்கிறது. அதற்குப் பிறகு மயிலேறும்பெருமாள் உட்கார்ந்து கோப்பு பார்த்ததே இல்லை. எல்லாம் நின்றுகொண்டுதான்.

கஞ்சி குடித்து முடித்த சோணைக்குக் கண் சொருகியது. வாசலில் நின்ற காப்பகப் பலகையைப் பார்த்து, "இதைப் பிடுங்கிப் போட்டுரவா?" என்று கேட்டான்.

"நாளைக்குப் பிடுங்கிக்கலாம். இப்பப் படுங்க" என்றாள் வெள்ளத்தாய்.

நீதி: பலவே விதை, பையவே விதை, நாளைக்கே விதை, பட்டம் கொடுக்க வருகிறவருக்கு மறக்காமல் முதுகைக் காட்டு.