தொடாதே மாஸ்டரின் சட்டைப் பையில் இருந்த மவுஸ்

‘சுவிட்சைத் தொடாதே. தொடத் தோன்றினால் வீட்டுக்குப் போ.’

சிவப்பு மையில் எழுதிக் கதவில் ஒட்டியிருந்த இந்தத் தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. அடியில் தேதியும் உண்டு. ஆண்டு 2006. மாதம் இருந்த மூலையைக் கரப்பான் தின்றுவிட்டது. ஊகித்து எழுதும் பழக்கம் எனக்கில்லை, ஆகவே மாதத்தை விட்டுவிடுகிறேன்.

எழுதியவர் தொடாதே மாஸ்டர். மாத்தளை மாவட்டத்தில் மிளகு விளைகிறது, மிளகாய் விளைகிறது, இஞ்சி விளைகிறது. இவை எல்லாவற்றையும்விடக் காரமாக அங்கே விளைந்த ஒரே பொருள் அவர்தான். எல்கடுவப் பக்கத்துத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்து வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் இறங்கி வந்து, மாத்தளை நகரில் ஒரு தையல் கடையின் மாடியில் கணினி வகுப்பு நடத்தினார். வகுப்பில் இருந்தது ஒரே ஒரு கணினி. பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று பார்ப்பார்கள். கை நீட்டியவனிடம் அவர் சொல்லும் முதல் பாடமே பிறகு அவருக்குப் பெயராகிவிட்டது.

எதிர்க் கட்டடத்து அலுவலகத்தில் நான் கிளாக்கர். வேலை முடிந்ததும் மாடியேறிப் போய்த் தமிழில் தட்டச்சு பழகினேன். வயதில் மூத்தவன் என்ற சலுகையெல்லாம் அவரிடம் கிடையாது.

“கிளாக்கர் ஐயா! அது கீபோட். உங்க ஆபீஸ் முத்திரை இல்ல. இந்தக் குத்துக் குத்துறீங்க!”

மின்சாரம் நின்றால் ஜன்னலைத் திறந்து மின்கம்பத்தைத் திட்டுவார். திரும்பி வந்தால், “இவ்வளவு நேரம் எங்க போயிருந்த?” என்று பல்பைக் கேட்பார். கீழே தையல்காரர் இயந்திரத்தை மிதித்தால் மாடி அதிர்கிறதென்று இறங்கிப் போய்ச் சண்டை போடுவார். போன வேகத்தில் அங்கேயே தேநீரும் குடித்துவிட்டு வருவார்.

ஒரு நாள் கணினியின் சுவிட்ச் உள்ளே விழுந்துவிட்டது. வீட்டு மணியை அடிப்பது போலப் பிள்ளைகள் கட்டைவிரலால் குத்திக் குத்தி வந்ததன் பலன். வேறொருவராயிருந்தால் கண்டிக்குக் கொண்டுபோய்த் திருத்தியிருப்பார். மாஸ்டருக்குச் சுவிட்ச் மீதே கோபம் வந்துவிட்டது.

“நீ இனிமே தேவையே இல்ல” என்றார் அதனிடம்.

பெட்டியோடு வந்த சிறிய ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துப் படித்தார். ஊசியால் பொத்தானைக் கடைசியாக ஒரு முறை அமுக்கிக் கணினியைப் போட்டு, தொடக்கத்தில் வரும் நீலத் திரைக்குள் போய் ஏதோ மாற்றினார். பிறகு எங்களை நிற்க வைத்துவிட்டு, மவுஸின் வலது பக்கத்தை இரண்டு முறை அமுக்கினார். அணைந்து கிடந்த கணினி உறுமிக்கொண்டு எழுந்தது. யாரும் கைதட்டவில்லை என்று அதற்கும் கோபித்தார். சுவிட்ச் இருந்த ஓட்டையை, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரால் மூடினார்.

அன்றிலிருந்து மவுஸ்தான் சாவி. வகுப்பு முடிந்ததும் கழற்றி, வயரைச் சுற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார். தான் இல்லாதபோது ஒருவனும் கணினியைப் போட முடியாது என்ற நினைப்பில் அவர் முகத்தில் ஏதோ தென்படும். சிரிப்பென்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

அந்த மவுஸ்தான் அவரை மாட்டிவிட்டது. குண்டு எங்கே வெடிக்கும், யாரை எப்போது பிடிப்பார்கள் என்று தெரியாத யுத்த காலம். ஒரு மாலை நானும் அவரும் பஸ் நிலையத்துக்கு நடந்தோம். வழியில் சோதனைச் சாவடி. பொலிஸ்காரர் அவருடைய சட்டைப் பையைத் தடவினார். வயர் கையில் வந்தது.

“மேக்க மொக்கத?” என்றார். இது என்னவென்று கேட்கிறார்.

“மவுஸ்.”

“எதற்கு?”

மாஸ்டர் எத்தனையோ பதில் சொல்லியிருக்கலாம். நல்ல சிங்களத்தில் உண்மையைச் சொன்னார்: “இதை ரெண்டு தரம் அமுக்கினா மிசின் ஸ்டார்ட் ஆகும்.”

அந்த ஆண்டில் ஒரு தமிழன், கையில் வயரோடு, பொலிஸ்காரரிடம் சொல்லவே கூடாத வாக்கியம் ஒன்று இருந்ததென்றால் அது இதுதான்.

“மிசின் எங்கே?”

“மாடியில.”

“நீ இங்கே நின்று அமுக்கினால், அங்கே ஸ்டார்ட் ஆகுமா?”

“எப்படி ஆகும்? வயர் எட்டாதே! இது கூடத் தெரியாதா உங்களுக்கு?”

அவரைக் கொண்டுபோனார்கள். கணினிப் பெட்டியையும் மாடியிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். எந்தப் பொலிஸ் நிலையம் என்று எழுதமாட்டேன். மறுநாள் காலை நானும் தையல்காரரும் அங்கே போனோம். பிற்பகல் ஜீப்பில் கொழும்புக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார்கள். அப்படி ஏற்றப்பட்டவர்களில் சிலர் மாதக் கணக்கில் வரவில்லை. சிலர் வரவே இல்லை. அதற்குள் அது வெறும் கணினிதான் என்று காட்ட வேண்டும்.

இன்ஸ்பெக்டர் பிளாஸ்டரின் மேல் அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் பலமாக அமுக்கினார்.

“தொடாதீங்க!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“இது செத்த மிசின். இவன் பொய் சொல்கிறான்” என்றார் இன்ஸ்பெக்டர்.

“மவுஸைக் கொடுத்தால் போட்டுக் காட்டுவார், சேர்” என்றேன் நான்.

“மவுஸ் சான்றுப் பொருள். ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகுதான் தரலாம்.”

“ஆபத்தில்லை என்று எப்படித் தெரியும், சேர்?”

“மிசினைப் போட்டுப் பார்த்தால் தெரியும்.”

நான் தர்க்க நூல்களும் படித்தவன். இப்படியொரு வட்டத்தை எந்த நூலிலும் கண்டதில்லை. ஒரு மனிதனின் உயிர் அந்த வட்டத்துக்குள் கிடந்தது.

அப்போதுதான் மூலையில் பூப்போட்ட துணிக்குக் கீழே நிலையத்தின் சொந்தக் கணினியைக் கண்டேன். அதன் மவுஸ் இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. அதைப் பொருத்திப் பார்க்கலாமே என்றேன். இன்ஸ்பெக்டர் யோசித்துத் தலையாட்டினார். மாஸ்டர்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

“வேற மவுஸ் வேணாம் கிளாக்கர் ஐயா! என்னோடதக் குடுக்கச் சொல்லுங்க!”

“மாஸ்டர், ஜீப் வரப் போகுதுங்க! எல்லா மவுஸும் ஒண்ணுதான்!”

“எல்லா மவுஸும் ஒண்ணுன்னா எல்லா மனுசனும் ஒண்ணுதானே? அப்ப ஏன் என்னைய மட்டும் புடிச்சாங்க?”

இதை நான் சிங்களத்தில் சொல்லவில்லை.

ஒருவழியாகச் சம்மதித்தார். மாஸ்டரின் கணினியை மேசையில் வைத்து, நிலையத்துத் திரையையும் மவுஸையும் பொருத்தி, எல்லோரையும் முற்றத்துக்கு அனுப்பினார்கள். துப்பாக்கி வைத்திருந்தவர்கள் பலா மரத்துக்குப் பின்னால் போனார்கள். மவுஸை அமுக்க உள்ளே நின்றவர் மாஸ்டர் ஒருவர்தான். இரண்டு முறை கிளிக் என்ற சத்தம். பிறகு ‘பீப்’.

அந்த ‘பீப்’புக்கு ஒரு பொலிஸ்காரர் தரையில் படுத்துவிட்டார்.

“ஓடுதுங்க! எல்லாரும் வாங்க! ஆனா ஒருத்தரும் தொடக் கூடாது!”

கணினிக்குள் இருந்தவை ஒரு திருவிழா நோட்டீஸ், தோட்டத்துப் பிள்ளைகளின் வேலை விண்ணப்பங்கள், யானை படம் போட்ட ஒரு கல்யாண அழைப்பு. யாருடைய கல்யாணம் என்று இன்ஸ்பெக்டர் விசாரித்தார்.

“என் மகளோடது, சேர். நீங்களும் வரணும்” என்றார் தையல்காரர்.

ஜீப் வருமுன் மாஸ்டரை விட்டுவிட்டார்கள். சந்தேகத்துக்குக் காரணமான மவுஸைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பித் தந்தார்கள். ஒரு பாவமும் அறியாத கணினியை மட்டும் ‘விசாரணை முடியவில்லை’ என்று வைத்துக்கொண்டார்கள். ஏன் என்று அன்றும் எவரும் சொல்லவில்லை, இன்றுவரையும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் மாஸ்டர் மவுஸைப் பையில் போட்டுக்கொண்டு போய் நிலைய வாசலில் சண்டை போட்டார். இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் அப்படி ஒரு பெட்டியே இல்லை என்றார். கணினி இல்லாத கணினி வகுப்புக்கு யார் வருவார்கள்? மாடியைக் காலி செய்து, கதவிலிருந்த தாளைக் கிழியாமல் உரித்து என்னிடம் தந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து மவுஸை எடுத்து நீட்டினார். பழக்கத்தில் நான் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

“புடிங்க கிளாக்கர் ஐயா. மிசினக் குடுத்தாங்கன்னா நீங்க போடுங்க. நீங்க தொடலாம்.”

கொழும்பு பஸ்ஸில் ஏறினார். கண்டக்டரோடு சண்டை தொடங்கியது ஜன்னல் வழியாகக் கேட்டது. அதன் பின் அவரைப் பற்றித் தகவல் இல்லை.

அந்த நிலையத்தின் களஞ்சிய அறையில், நெற்றியில் பிளாஸ்டர் ஒட்டிய பெட்டியொன்று இன்னும் கிடப்பதாக ஓய்வுபெற்ற பொலிஸ்காரர் ஒருவர் சொன்னார். நான் கண்ணால் பார்க்கவில்லை. ஆகவே இது உறுதிப்படுத்தப்படாத தகவல் என்றே குறித்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்தப் பக்கம் போகும் நாட்களில், மவுஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் போகிறேன்.